மரியாதைக்கு ஐநூறு

பாதியக்காவின் அறைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் அழுவார்கள். அழுது முடிக்கட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். கடைசியா என்னைக்குப் பணம் கட்டினீங்க?" இதுதான் அவருடைய வணக்கம்.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் அந்த அறை. ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பழைய போன், ஒரு சுவர்க்கடிகாரம். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் பேனா தானாக நகரும். பெயர்ப்பலகை கிடையாது. கடனைக் கட்ட முடியாமல் நின்றுபோனவர்களுக்காகக் கம்பெனிகளோடு பேசி, தொகையைக் குறைத்து, ஒரே தடவையில் தீர்த்துவைப்பது அவர் தொழில். பெரும்பாலும் பாதியில் முடியும். அதனால் இந்தப் பெயர். பாதிக்கும் கீழே முடித்துவிட்ட நாட்களில் கீழ்க்கடைக்காரர், "அக்கா இன்னிக்குக் காலக்கா ஆயிட்டாங்க" என்று படியைப் பார்த்துச் சொல்வார். மிச்சமாகும் பணத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. அதுவும் 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்ற கடிதம் கைக்கு வந்தபிறகுதான்.

இந்த வித்தையை அவர் எதிர்த்தரப்பில் இருந்து கற்றவர். பன்னிரண்டு வருடம் ஒரு வசூல் கம்பெனியின் போன் தளத்தில் வேலை. நூற்றிருபது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ள ஏழைகளையெல்லாம் முறைவைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் தளம். அக்காவுக்குப் பேச்சு நன்றாக வரும் என்பதால் மற்றவர்கள் பேச வேண்டியதை எழுதிக்கொடுக்கும் வேலையும் அவருக்கே வந்தது. மிரட்டுவதற்கு ஒரு தாள், கெஞ்சுவதற்கு ஒரு தாள், மனைவி போனை எடுத்தால் ஒரு தாள். ஒரு வருடம் அவர் எழுதிய தாளால் வசூல் ஏறியது என்று மேடைக்கு அழைத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மேசைக்கு எதிரே மாட்டியிருப்பது அதுதான். நல்ல கடிகாரம், இதுவரை ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை.

மனசாட்சி உறுத்தி வெளியே வந்துவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. பாதிச் சம்பளத்துக்குச் சின்ன வயசுப் பிள்ளைகள் கிடைத்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடச் சேவைக்கு அவருக்குச் சேரவேண்டியதிலும் பேரம் பேசி, பாதிதான் கொடுத்தார்கள். "என்னோட முதல் கேஸே நான்தான்" என்பார்.

அங்கிருந்து அவர் எடுத்துவந்த ஒரே சொத்து ஒரு எண். எட்டு. ஒருவன் தவணை கட்டத் தவறினால், கடன் கொடுத்த வங்கி சில மாதம் மிரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கடனை வசூல் கம்பெனிக்கு விற்றுவிடும். நூறு கடன் எட்டுக்குப் போகும். அந்த எட்டை வாங்கியவன்தான் நூறையும் வட்டியையும் அபராதத்தையும் கேட்டுக் காலையில் வாசலில் நிற்கிறான். எட்டுக்கு விற்க முடிந்தவர்கள், கடன்பட்டவனிடமே 'பத்தைக் கொடு, போ' என்று ஏன் சொல்வதில்லை? அவனிடம் சொன்னால் ஒழுக்கம் கெட்டுவிடுமாம். ஆயிரம் கோடி பாக்கி வைத்தவனுக்கு இதே சலுகையைக் குளிரூட்டிய அறையில் காபி கொடுத்துச் செய்கிறார்கள். அதற்கு 'மறுசீரமைப்பு' என்று பெயர். நாக்கு ஒன்றுதான், ஆளுக்குத் தகுந்தபடி அகராதி மாறும்.

அந்த அறைக்கு லேத்துக்காரர் தன் மகளோடு வந்தார். வயது அறுபது. விரல் இடுக்குகளில் சோப்புக்கு மசியாத கருப்பு. வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு பழைய லேத்து இயந்திரத்தை வைத்து இரும்பு கடைந்து பிழைக்கிறவர். மகள் மருந்துக்கடையில் வேலை செய்தாள். பேசியதெல்லாம் மகள்தான். அம்மாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன். அம்மா பிழைக்கவில்லை. அதன் பிறகும் அப்பா விடாமல் தவணை கட்டிவந்தார். பிறகு அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஆலை, எண்பதாயிரம் கூலி பாக்கியோடு கதவைச் சாத்திக்கொண்டது. அந்த எண்பதாயிரத்தை யாரும் கடன் என்று சொல்லவில்லை. ஆலை முதலாளிக்கு 'நஷ்டம்' என்றார்கள். லேத்துக்காரரால் தவணை கட்ட முடியாமல் போனதற்கு மட்டும் 'ஏமாற்று' என்று நோட்டீஸ் வந்தது. அசல் மூன்று லட்சம், இப்போது வட்டியும் அபராதமுமாக ஐந்து லட்சத்து இருபதாயிரம். கட்டாவிட்டால் வழக்கு, வழக்கில் தோற்றால் லேத்து ஜப்தி.

"எல்லாம் தலையெழுத்தும்மா" என்றார் லேத்துக்காரர். அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"தலையில எவனும் எழுதலண்ணே. எழுதினது பத்திரத்துல, ஆறாம் பக்கம், பொடி எழுத்துல. அதைக் குடுங்க இங்க."

காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தவணை கட்டிய ரசீதில் கை நின்றது. கடிகாரத்துக்குக் கீழே தொங்கிய நாட்காட்டியை எடுத்து, விரலால் எண்ணினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இதுதான். கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கம்பெனி வழக்குப் போட வேண்டும். தாண்டிவிட்டால் கோர்ட்டுக் கதவு அவர்களுக்கு மூடிவிடும். லேத்தை ஒருவனும் தொட முடியாது. அந்த மூன்று வருடம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களில் இந்தப் பெயருக்குக் கெடு நெருங்குவதைக் கம்பெனி இன்னும் கவனிக்கவில்லை. ஆனால் இடையில் லேத்துக்காரர் 'ஆமாம், தரவேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாலோ, ஒரு சிறு தொகை கட்டினாலோ, அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கிவிடும். கட்டியது ஒற்றைக்காசாக இருந்தாலும் சட்டத்துக்கு அது போதும்.

"பத்தொம்போது நாள் ஊமையா இருங்க. இருபதாம் நாள் நாமளே கூப்பிடுவோம்."

"அப்ப கடனைக் குடுக்க வேணாங்கறீங்களா?" லேத்துக்காரர் முகம் சுருங்கியது. மனைவியின் வைத்தியத்துக்கு வாங்கிய காசு என்றார். அதைத் தராமல் விட்டால் அவளையே களவாண்டு வைத்திருந்த மாதிரி ஆகிவிடும் என்றார்.

பாதியக்கா இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டவர். நாணயம் என்கிற சாமானை ஏழைகள் மட்டும்தான் முழுவிலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது அவர் கருத்து. ஆனாலும் அன்று வாதாடவில்லை. இருபதாம் நாள் கூப்பிட்டு, அசலில் நூற்றுக்குப் பதினைந்து தருவதாகச் சொல்வோம் என்றார். நாற்பத்தையாயிரம். அவர்கள் இருபத்திநாலாயிரத்துக்கு வாங்கிய சரக்கு. வழக்குப் போட வழியில்லாத நிலையில் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். "அவனுக்கும் லாபம், உங்களுக்கும் மானம்." மகளிடம் ஐம்பதாயிரம் சேமிப்பு இருந்தது. போதும். லேத்து தப்பிவிடும்.

படியிறங்கும்போது மகள் அப்பாவின் போனைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. வேலை கொடுக்கிறவர்கள் அதில்தான் கூப்பிடுவார்கள் என்றார். நியாயம்தான்.

பத்தொன்பது நாளும் மகள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நினைவூட்டினாள். பழக்கமில்லாத எண்ணாக இருந்தால் "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடச் சொன்னாள். அவரும் வைத்தார். கம்பெனி ஆட்கள் ஒருநாள் திட்டினார்கள், வைத்தார். இன்னொரு நாள் லேத்தை லாரியில் ஏற்றுவோம் என்றார்கள், வைத்தார். திட்டை அவர் தாங்கினார். அறுபது வருடம் அதைத்தான் தாங்கிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் புதிதாக எதுவும் இல்லை.

இருபதாம் நாள் காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் கைப்பையை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்திருந்தாள். லேத்துக்காரர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். பாதியக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எண்ணை அழுத்தினார்.

கடனை வாங்கியிருந்தது அக்காவின் பழைய கம்பெனிதான்; எடுத்தவன் அதன் வசூல் மேலாளர். எந்த வெயிலிலும் கழுத்தில் டையோடு திரிவதால் டைக்காரன் என்று பெயர். ஒரு காலத்தில் அக்காவிடம் வேலை பழகியவன். இன்றும் மரியாதை விடாதவன். அக்கா பதினைந்து என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. கேலிச் சிரிப்பல்ல, வருத்தம் கலந்தது.

"அக்கா, நீங்களா இப்படி? கடைசியா என்னைக்குக் கட்டினார்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"மூணு வருஷம் முன்னாடி."

"மூணு நாள் முன்னாடிக்கா. ஐநூறு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழி உடைந்தால் சத்தமாவது கேட்கும். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. மேசைமேல் பேனா மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. அக்கா பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தார்.

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. கைப்பையையே பார்த்துக்கொண்டு, "ஏம்ப்பா?" என்றாள்.

லேத்துக்காரர் இன்னும் விஷயம் புரியாதவராக இருந்தார். தான் செய்தது உதவி என்றே அவர் நினைத்திருந்தார். மத்தியானம் ஒரு பையன் கூப்பிட்டானாம். மற்றவர்கள் மாதிரி இல்லை, ரொம்பத் தன்மையாகப் பேசினானாம். என்ன சொன்னான் என்று அக்கா கேட்டார். லேத்துக்காரருக்கு ஞாபகசக்தி அதிகம்; அளவுகளை எழுதிவைக்காமலே கடைகிறவர். அப்படியே சொன்னார்.

"'ஐயா, உங்கள மாதிரி நாணயமானவங்ககிட்ட நான் முழுசாக் கேக்கலைங்க. உங்க பேரு கெட்டுடக் கூடாது, அவ்ளோதான். மரியாதைக்கு ஒரு ஐநூறு போடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்'னான். ஐநூறுதானேம்மா. முழுசாக் கட்டினாத்தானே தப்பு? தெருமுனை போன் கடையில போட்டுட்டேன். நம்ம பக்கம் ஒரு நல்ல பேரு இருக்கட்டுமேன்னு."

பாதியக்காவின் பார்வை சுவருக்குப் போனது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. 'கேக்கலைங்க' என்பதில் அந்த 'ங்க' உட்பட. அவர் அங்கே இருந்தபோது, காலக்கெடு முடியப்போகும் கணக்குகளுக்கு என்று தனியாகத் தாள் கேட்டார்கள். அக்கா நாலு நாள் யோசித்து எழுதிக்கொடுத்தார். திட்டு எந்தப் பூட்டையும் திறக்காது, மரியாதை திறக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கடிகாரம் அதற்குத்தான் வந்தது.

அன்று அவர் அதைச் சொல்லவில்லை. கம்பெனியோடு பேச வேண்டிய பேச்சு பாக்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பினார்.

இருபது நாள் கழித்து, மாதத்தின் கடைசி வேலைநாளில், பாதியக்கா அந்தப் போன் தளத்துக்கு நேரில் போனார். மாதக் கடைசியில் வசூல்காரனுக்கு இலக்கை எட்டப் பணம் குறையும். பேரத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. தளம் மாறவில்லை. நாற்காலிகளில் புதிய பிள்ளைகள், இருபது இருபத்திரண்டு வயது. அவர்களுக்கும் வீட்டில் தவணை இருக்கும். ஒவ்வொருவர் முன்னாலும் பிளாஸ்டிக் உறையில் தாள்கள். அக்கா குனிந்து பார்க்கவில்லை.

டைக்காரன் நாற்காலி இழுத்துப்போட்டான். வழக்குக் காகிதம் தயாராகிவிட்டது என்றான். மூன்று லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றான். அக்கா ஒரு லட்சத்தில் ஆரம்பித்தார். லேத்தின் வயதைச் சொன்னார். ஜப்தி செய்தால் கோர்ட்டுச் செலவு போக எவ்வளவு தேறும் என்று அவன் காகிதத்திலேயே போட்டுக் காட்டினார். வழக்கு முடியும்போது லேத்துக்காரருக்கு எழுபது வயதாகும் என்றார். "இந்த மாசம் உனக்கு எவ்ளோ குறையுது? ஒண்ணரையா, ரெண்டா?"

"வயித்துல அடிக்காதீங்கக்கா."

"உன் வயித்துல அடிக்கல. கணக்குல அடிக்கறேன்."

மூன்று மணி நேரம் இழுத்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் நின்றது. மூன்று வாரத்துக்கு முன் நாற்பத்தையாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். கடிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, அக்கா இரண்டு முறை படித்து, ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லி, திரும்ப அச்செடுத்து வாங்கினார். பணம் ஒரு வாரத்தில்.

எழுந்தபோது கேட்டார். "அந்தப் பழைய தாளையா இன்னும் வச்சிருக்கீங்க?"

டைக்காரன் டையைச் சரிசெய்துகொண்டான். "அதுக்கு மேல யாரும் எழுதலையேக்கா. எல்லாரும் மாத்திப் பாத்தாங்க. உங்களுது மாதிரி வேலை செய்யல." புகழ்ச்சியாகத்தான் சொன்னான். அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாட்டில் யாரிடமும் கெட்ட எண்ணம் தேவைப்படுவதில்லை. அதுதான் இதன் திறமை.

லேத்து ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்குப் போனது. மகளின் ஐம்பதாயிரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஐயாயிரம் மிஞ்சியது. கொட்டகைத் தரையில் நான்கு போல்ட்டுகளின் துளையும், எண்ணெய் ஊறிய ஒரு நீள்சதுரமும் மட்டும் எஞ்சின. வாங்கியவர் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். பழைய இயந்திரம், அதன் இழுப்பும் நடுக்கமும் ஓட்டிய கைக்குத்தான் தெரியும் என்று, லேத்துக்காரரையும் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார். "மெஷினோட ஆளும் ஃப்ரீயா வந்த மாதிரி" என்று பட்டறையில் சிரித்தார்களாம். நேற்றுவரை தனக்குச் சொந்தமான பிடியை, இன்று கூலிக்குச் சுழற்றினார்.

பாதியக்கா கூலி வாங்கவில்லை. கணக்குப்படி பதினெட்டாயிரம் வரவேண்டும். மிஞ்சிய ஐயாயிரத்தை மகள் நீட்டியபோதும் கையை மடக்கிக்கொண்டார். ஏன் என்று மகள் கேட்டபோது, அடுத்த ஆளின் காகிதத்தை இழுத்துப் பிரித்தார்.

அதோடு முடிந்திருக்கும். லேத்துக்காரர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால். அடுத்த சனிக்கிழமை மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்து ஒரு உறையை மேசையில் வைத்தாள். பிரித்தால் ஐநூறு.

"அப்பா குடுக்கச் சொன்னார்க்கா. வாராவாரம் தருவாராம், உங்க கூலி தீர்ற வரைக்கும். வேணாம்னு சொல்லிப் பாத்தேன். 'அந்தம்மா சும்மா செஞ்சாங்கன்னு இருக்கக் கூடாது, மரியாதைக்காவது குடுக்கணும்'ங்கறார்."

உறையை எடுத்துக்கொண்டு பாதியக்கா அப்போதே கிளம்பிப் பட்டறைக்கு நடந்தார். இரும்பு கடையும்போது ஊற்றும் திரவத்தின் வாடையும் இரும்புச் சுருளும் நிறைந்த இடம். சுவரோரம் ஐந்து இயந்திரங்கள்; கடைசியில் பழைய லேத்து. லேத்துக்காரர் அவரைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உட்கார ஒரு பெட்டியைத் தள்ளினார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பன்னிரண்டு வருட வேலையைச் சொன்னார். தாளைச் சொன்னார். அந்தப் பையன் பேசியது அவன் சொந்தப் பேச்சில்லை, தான் எழுதியது என்றார். கடிகாரத்தைக்கூடச் சொன்னார். "உங்க லேத்து போனது என்னாலண்ணே. நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல." உறையை இயந்திரத்தின் தட்டில் வைத்தார்.

லேத்துக்காரர் தட்டிலிருந்த இரும்புச் சுருளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். கிண்டல் இல்லை. "என்கிட்ட அவ்ளோ மரியாதையா யாரும் பேசினதில்லம்மா. 'நாணயமானவங்க'ன்னு சொன்னான். கடன் குடுத்தவன் சொல்லல, ஆலைக்காரன் சொல்லல. அந்தப் பையன் சொன்னான்."

பிறகு அவருக்கு எதுவோ நினைவு வந்தது.

"எடுத்த உடனே, 'சாப்பிட்டீங்களாய்யா?'ன்னு கேட்டான். அவ போனதுக்கப்புறம், மத்தியானத்துல யாரும் கேட்டதில்ல. மக வேலையில இருப்பா." நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் எழுதினதுதானாம்மா?"

அந்தத் தாளின் முதல் வரி அதுதான். பதிலை எதிர்பாராமல் அடுத்த வரிக்குப் போகவும் என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குறிப்பும் போட்டிருந்தார்.

"ஆமாண்ணே."

அவர் தலையை ஆட்டினார். உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதலாளி பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, லேத்தை ஓடவிட்டார். இரும்பு சுழன்றது, அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் கேட்காது.